தஸ்தோயெவா ஊர்க்காரர்

போன நவம்பரில் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கியது இது. வார்சாவில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எதிர் மேஜைப் பெண் பெலாரூஸ்காரர், பின்ஸ்க் பக்கம். ஊரிலிருந்து நான் கொண்டுவந்த தமிழ்ப் புத்தகம் ஒன்று, ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் நாவல், மேஜையில் கிடந்தது. அட்டையில் இருக்கும் தாடிக்காரரை அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எழுத்துதான் புதிது. பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னார். த, ஸ், த, யே, வ், ஸ், கி. "நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. எங்க ஊர்ல சொல்ற மாதிரியே இருக்கு" என்றார். ரஷ்யப் பெயரை ரஷ்ய உச்சரிப்புக்குக் கிட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அவர் முகம் சற்று மாறியது. "ரஷ்யப் பெயர்னு யார் சொன்னாங்க? அது என் பாட்டி வீட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தோட பெயர்."

கைபேசியை எடுத்து ஒரு படத்தைத் தேடிக் காட்டினார். சாலையோரத்தில் ஊர்ப் பெயர்ப்பலகை, பின்னால் ஒரு பிர்ச் மரம், மழையில் நனைந்த தார்ச்சாலை. பலகையில் எட்டு எழுத்துகள். சிரிலிக் எழுத்தை நான் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். முதல் எழுத்து த. இரண்டாவது எழுத்து ஓவாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ரஷ்யப் புத்தகங்களில் அந்தப் பெயரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். பலகையில் இருந்தது அ. கடைசி எழுத்தும் அ. தஸ்தோயெவா. ஓவுக்குப் பதில் அ என்ற அந்தச் சின்ன வித்தியாசம் அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தக் குளிர்காலம் பூராவும் அதன் பின்னாலேயே அலைந்திருக்கிறேன்.

தமிழில் இந்தப் பெயரைப் படித்து வளர்ந்தவர்களுக்கு எழுத்துக் குழப்பம் புதிதில்லை. தாஸ்தாயெவ்ஸ்கி, தாஸ்தோயெவ்ஸ்கி, டாஸ்டாயெவ்ஸ்கி, தஸ்தயேவ்ஸ்கி. எங்கள் ஊர் நூலகத்தில் ஒரே எழுத்தாளரை மூன்று வரிசையில் தேட வேண்டியிருக்கும். கல்லூரி நாட்களில் இதற்காக நண்பர்களோடு மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். ஆங்கிலம் வழியாக வந்த 'டா'வை ஒழிக்க வேண்டும் என்பது அப்போது என் கட்சி. மூலத்துக்குப் போனால் பெயர் சரியாகிவிடும், மூலம் என்பது ரஷ்யன், அங்கே ஒரே ஒரு சரியான வடிவம் இருக்கிறது என்று நம்பினேன். அந்தப் பெயர்ப்பலகை இந்த நம்பிக்கையில்தான் கை வைத்தது.

விஷயம் இதுதான். அழுத்தம் விழாத ஓகாரத்தை ரஷ்யர்கள் அகரமாகத்தான் ஒலிப்பார்கள், எழுதும்போது மட்டும் ஓ போடுவார்கள். பெலாரூஸியர்கள் ஒலிப்பதை அப்படியே எழுதிவிடுவார்கள். ஊர்ப் பெயரில் அழுத்தம் 'தோ'வில் விழுகிறது. குடும்பப் பெயராகும்போது அழுத்தம் 'யே'வுக்கு நகர்ந்துவிடுகிறது, அதனால் நடுவிலிருந்த ஓகாரமும் அகரமாகிறது. ஊர் தஸ்தோயெவா, ஆள் தஸ்தயேவ்ஸ்கி. ரஷ்யர் வாயில் அந்த 'வ்' கிட்டத்தட்ட 'ஃப்' ஆகிவிடும். பெலாரூஸியில் அதே இடத்தில் பாதி உகரம் வரும்: தஸ்தயேஉஸ்கி. அந்த அரை உகரத்துக்கென்று தலையில் பிறை வைத்த ஒரு தனி எழுத்து அவர்களிடம் இருக்கிறது. போலத்ஸ்க் நகரில் அந்த எழுத்துக்கு நினைவுச்சின்னமே எழுப்பியிருக்கிறார்கள். ஒரு எழுத்துக்குச் சின்னம் வைக்கிறார்கள் என்றால், மொழியைப் பற்றி எத்தனை கவலை மனதில் இருந்திருக்கும் என்று தமிழ் பேசுகிறவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தமிழில் 'தஸ்தயே' என்று எழுதியவர்கள் ரஷ்யரின் வாயைக் கேட்டு எழுதினார்கள். அவர்களுக்கே தெரியாமல் அந்த எழுத்து பெலாரூஸிய எழுத்துமுறையோடு பொருந்திவிட்டது.

ஊரார்

'ஸ்கி' என்ற விகுதியைப் பார்த்ததும் ரஷ்யா நினைவுக்கு வருவது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆனால் ரஷ்யக் குடும்பப் பெயர்களில் ஆகப் பெரும்பான்மை 'ஓவ்', 'எவ்', 'இன்' என்று முடிபவை. இவானுடைய பிள்ளை இவானோவ், 'புஷ்கா' என்ற பட்டப்பெயர் கொண்ட மூதாதையின் வழி வந்தவர் புஷ்கின். இவை தகப்பனைச் சொல்லும் பெயர்கள். 'ஸ்கி' பெரும்பாலும் இடத்தைச் சொல்லும் பெயர். அது ஒரு பெயரடை விகுதி: இன்ன ஊரைச் சேர்ந்த, இன்ன நிலத்துக்கு உரிய. போலந்திலும் லிதுவேனியப் பெருங்கோமகனரசிலும் நிலம் வைத்திருந்த குடும்பங்கள் ஊரின் பெயரையே இப்படிச் சூட்டிக்கொண்டன. இசையமைப்பாளர் ஸ்த்ராவின்ஸ்கியின் பெயரில் லிதுவேனியாவில் ஓடும் ஓர் ஆறு இருக்கிறது. நம்மிடம் 'ஆர்' விகுதி செய்கிற வேலை இது. நாகூரார், ஆரூரார் என்பது போல. அப்படிப் பார்த்தால் அட்டையில் இருக்கும் தாடிக்காரரின் பெயருக்குத் தமிழில் நேர் பொருள் தஸ்தோயெவா ஊர்க்காரர் என்பதுதான்.

அந்த ஊரில் அவர் பிறக்கவில்லை. 1821இல் மாஸ்கோவில், ஏழைகளுக்கான மருத்துவமனை வளாகத்தில் பிறந்தார். அவர் அப்பாவும் அந்த ஊரில் பிறக்கவில்லை. ஆனாலும் ஊர் கூடவே வந்துகொண்டிருந்தது.

தஸ்தோயெவா இன்றைக்கு பெலாரூஸின் பிரெஸ்த் மாகாணத்தில், இவானவா மாவட்டத்தில் இருக்கிறது. பிரிப்யாத் சதுப்பு நிலங்களின் பிரதேசம் அது, பொலேசியா என்பார்கள். 1506இல் பின்ஸ்க் சிற்றரசர் ஃபியோதர் யாரஸ்லாவிச், தனீலா இர்த்தீஷ்ச் என்பவருக்கு இந்த ஊரை எழுதிக் கொடுத்தார். இந்த இர்த்தீஷ்ச்சின் சந்ததிதான் ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. அப்போது அந்த நிலம் லிதுவேனியப் பெருங்கோமகனரசுக்கு உட்பட்டது. ஆனால் அந்த நாட்டின் எழுத்து வேலை லிதுவேனிய மொழியில் நடக்கவில்லை. இன்றைய பெலாரூஸிக்கும் உக்ரைன் மொழிக்கும் தாயாக இருந்த ருத்தேனியத்தில் நடந்தது. பின்னாளில் குடும்பத்தார் இன்னும் தூரம் போய், மூதாதை பொன் ஓர்தா என்ற மங்கோலிய அரசிலிருந்து வந்து ஞானஸ்நானம் பெற்ற அஸ்லான் செலெபி முர்ஸா என்றும் ஒரு வம்சக் கதை சொல்லிக்கொண்டார்கள். அஸ்லான் என்றால் துருக்கியில் சிங்கம். இத்தனை மொழியும் ஒரு பெயருக்குள்.

ஊர்ப் பெயருக்கு என்ன பொருள்? அரசரைச் சுற்றியிருந்த மதிப்புக்குரியவர்களை 'தஸ்தோய்னிக்' என்றார்கள், அவர்களுக்கு உரிய ஊர் என்பதால் இந்தப் பெயர் என்று பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 'தஸ்தோய்னி' என்றால் ரஷ்யனில் தகுதியுடையவர், போலிஷிலும் கிட்டத்தட்ட அதே சொல், மாண்புமிக்கவர். 'தொ' என்பது வரைக்கும், 'ஸ்தொய்' என்பது நிற்றல். அந்த உயரத்துக்கு நிற்கக்கூடியவர். இந்த 'ஸ்தா' வேர் ஸ்லாவிய மொழிகளுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவானது. ஸ்தானம், ஸ்தாபனம் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. தமிழும் தன் வழியில் அதையே செய்திருக்கிறது. நிற்பதிலிருந்துதான் நமக்கு நிலை வந்தது. அந்த வேரின் இன்னொரு பிள்ளை அவஸ்தை. சமஸ்கிருதத்தில் அது வெறும் நிலை. தமிழில் வந்தபிறகு அதற்குத் துன்பம் என்ற பொருள் ஏறிக்கொண்டது. தகுதியும் அவஸ்தையும் ஒரே வேர் என்று அகராதியைப் புரட்டித் தெரிந்துகொண்ட இரவில், அந்த எழுத்தாளரின் பக்கங்களில் நான் கண்ட மனிதர்கள் எல்லோரும் ஒருமுறை வந்து போனார்கள்.

அவர் அப்பா வாங்கிய கிராமத்தின் பெயரும் சேர்ந்துகொண்டது. 1831இல் தூலா மாகாணத்தில் வாங்கிய அந்தக் கிராமம் தரோவோயே. 'தார்' என்றால் கொடை. நம் தானம் என்ற சொல்லின் வேர்தான். பழைய தமிழ் எழுத்தில் ஸ்தானமும் தானம், கொடையும் தானம். மூதாதைக்கு ஊர் தானமாக வந்தது, பேரனுக்குக் கொடை என்றே பெயருள்ள கிராமம் பிள்ளைப் பருவமாக அமைந்தது. இதையெல்லாம் யாரும் திட்டமிடவில்லை, நானும் இதிலிருந்து எதையும் நிறுவப் போவதில்லை. சொற்கள் ஒலியால் ஏமாற்றும். மூதாதை இர்த்தீஷ்ச், எழுத்தாளர் கைதியாக விலங்கோடு நான்கு ஆண்டு கிடந்த சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரம் இர்த்திஷ் ஆற்றின் கரையில். படித்ததும் எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அது வெறும் ஒலி ஒற்றுமை. பெயர்களின் பின்னால் போகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில்தான் கால் இடறி விழுகிறார்கள்.

போன வழி

பதினாறாம் நூற்றாண்டு ஆவணங்களில் ஒரு ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி வருகிறார். எழுத்தாளருக்கு 250 ஆண்டு மூத்தவர், அதே பெயர். மாஸ்கோவின் நான்காம் இவானிடமிருந்து 1564இல் தப்பி லிதுவேனியப் பக்கம் ஓடிவந்த குர்ப்ஸ்கி என்ற பிரபுவின் வழக்கு வியாஜ்ஜியங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஜார் மன்னரை எதிர்த்தவருக்கு வழக்காடிய பெயர், பின்னால் ஜாரின் மேல் பக்தி கொண்டவரின் பெயராகவும் இருந்தது.

குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்தது. ஊர்ப்பக்கத்தில் பிரபுக்கள் போலிஷ் பேசவும் கத்தோலிக்கராகவும் தொடங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலுவல் மொழியே போலிஷாகிவிட்டது. எழுத்தாளரின் தாத்தா அந்திரேய், இன்று உக்ரைனில் இருக்கும் பொதோலியா பகுதியில் ஒரு கிராமத்தில் பாதிரியார். போப்பை ஏற்றுக்கொண்டு கிழக்கத்திய முறையில் பூசை செய்யும் யூனியேட் சபை அது. பிறகு அங்கிருந்து ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாறினார். அவர் மகன் மிகயீல் பாதிரிப் பள்ளியில் படித்தவர். 1809இல் எல்லாவற்றையும் விட்டு மாஸ்கோவுக்கு மருத்துவம் படிக்கப் போனார். 1828இல் அவர் குடும்பம் மாஸ்கோவின் பிரபுக்கள் பதிவேட்டில் ஏறியது. 1506இன் ஊர்க் கொடையைக் காட்டி அல்ல, அரசு வேலையில் அவர் அடைந்த பதவியைக் காட்டி. பெயர் மட்டும் பழையது.

இந்த வழியில் அந்தப் பெயர் எத்தனை எழுத்தில் எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ருத்தேனியத்தில் சிரிலிக், போலிஷில் லத்தீன், உக்ரைன் மொழியில் 'தொஸ்தொயெவ்ஸ்கிய்', லிதுவேனியனில் முடிவில் ஒரு ஸ் சேர்ந்து 'தொஸ்தொயெவ்ஸ்கிஸ்'. பெண்ணாக இருந்தால் ரஷ்யனில் தஸ்தயேவ்ஸ்கயா. அவர் மகள் லியுபோவ் ஐரோப்பாவுக்குப் போய்த் தன் பெயரை எமே என்று பிரெஞ்சில் மாற்றிக்கொண்டார். லியுபோவ் என்றால் அன்பு, எமே என்றால் அன்புக்குரியவள். 1920இல் வெளிவந்த தன் நூலில் அப்பாவின் வம்சம் லிதுவேனிய வம்சம், நார்மன் ரத்தம் என்று வாதாடினார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயரைக் கொண்டு ரத்தத்தை நிரூபிக்கும் முயற்சி அது. ஆனால் அந்தப் பெண்ணின் தவிப்பு எனக்குப் புரிகிறது. நாடு கையைவிட்டுப் போனவருக்கு மிச்சம் இருந்தது பெயர் ஒன்றுதான்.

ஒரு சொட்டு

இந்தத் தேடலில் என்னை உலுக்கிய இடம் ஓம்ஸ்க். 1850 முதல் 1854 வரை எழுத்தாளர் அங்கே கடூழியச் சிறையில் இருந்தபோது, கூடவே போலந்து அரசியல் கைதிகள் சிலர் இருந்தார்கள். ஷிமோன் தொகார்ஷெவ்ஸ்கி என்பவர் அவர்களில் ஒருவர். அவரும் 'ஸ்கி'. அவர் எழுதிய நினைவுக்குறிப்பில் இந்த ரஷ்யக் கைதியைப் பற்றிக் கசப்போடு எழுதியிருக்கிறார். பெயரைப் பார்த்தாலே போலந்துப் பூர்வீகம் என்று தெரிகிறது, ஆனால் அந்த மனிதர் போலந்துக்காரர்களை வெறுத்தார். தன் நரம்புகளில் ஒரு சொட்டுப் போலந்து ரத்தம் ஓடுகிறது என்று தெரிந்தால் அப்போதே அதை வெளியேற்றிவிடச் சொல்வேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இது எதிர்த்தரப்பின் சாட்சி, காயப்பட்டவரின் நினைவு. அப்படித்தான் படிக்க வேண்டும். ஆனால் பின்னாளில் எழுதிய நாவல்களில் வரும் போலந்துக்காரர்களைப் பார்த்தால் அந்தச் சாட்சியைத் தள்ளவும் மனம் வரவில்லை. கடைசி நாவலான 'கரமாஸவ் சகோதரர்கள்' கதையில், மோக்ரோயே விடுதியில் சீட்டாட்டத்தில் ஏமாற்றும் இரண்டு போலந்துக்காரர்களில் ஒருவருக்கு அவர் வைத்த பெயர் வ்ருப்லெவ்ஸ்கி. தன் பெயரின் வாலையே அவனுக்கும் ஒட்டினார். அதே நாவலின் அப்பனுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்த பெயர் கரமாஸவ், 'ஓவ்' விகுதி. அதற்குள்ளும் வேறொரு மொழி உட்கார்ந்திருக்கிறது. 'கர' என்றால் துருக்கிய மொழிகளில் கறுப்பு. அவருக்கு அது நன்றாகவே தெரியும். கதையில் மனம் பேதலித்த ஒரு தாய், கரமாஸவ் பிள்ளைகளில் ஒருவனான அலியோஷாவை 'செர்னமாஸவ்' என்று கூப்பிடுகிறாள். 'செர்னி' ரஷ்யனில் கறுப்பு. பெயரை மொழிபெயர்த்துவிட்டாள் அந்த அம்மாள்.

அதே சிறையில் நடந்த இன்னொன்றை 1876இல் அவரே எழுதினார். ஈஸ்டர் விடுமுறை, கைதிகள் குடித்துவிட்டு அடித்துக்கொள்கிறார்கள். எதிரே வந்த ஒரு போலந்துக் கைதி, இந்தக் கொள்ளையர்களை வெறுக்கிறேன் என்று பிரெஞ்சில் முணுமுணுத்துவிட்டுப் போகிறார். இவர் பலகைக்கட்டிலில் போய்ப் படுக்கிறார். அப்போது தரோவோயே நினைவுக்கு வருகிறது. ஒன்பது வயதில், ஓநாய் வருகிறது என்று யாரோ கத்தியதாகத் தோன்றி வயலில் பயந்து ஓடிய தன்னை, மரேய் என்ற பண்ணையாள் மண் படிந்த விரலால் உதட்டைத் தொட்டுத் தேற்றியது. எழுந்து பார்த்தால் அதே கைதிகள் வேறு மாதிரி தெரிகிறார்கள். அந்தப் போலந்துக்காரருக்குப் பாவம், மரேய் மாதிரி நினைவு இருந்திருக்காது என்று முடிக்கிறார். எத்தனையோ முறை இதைப் படித்துக் கண் கலங்கியிருக்கிறேன். இந்த முறை கடைசி வரி தொண்டையில் நின்றது. ஏன் இருந்திருக்காது? அந்தக் கைதிக்கும் ஒரு ஊர் இருந்திருக்கும், அங்கேயும் ஓர் உழவன் ஒரு குழந்தையைத் தேற்றியிருப்பான். தஸ்தோயெவா வயல்களிலும் மரேய்கள் இருந்தார்கள். அவர்கள் பேசியது ரஷ்யன் இல்லை.

அவர்கள் என்னதான் பேசினார்கள் என்று சக ஊழியரிடம் கேட்டேன். மார்ச் மாதம், ஜன்னலுக்கு வெளியே விஸ்துலா ஆற்றில் பனிக்கட்டி உடைந்து போய்க்கொண்டிருந்தது. "பாட்டி என்ன மொழி பேசுவாங்க? பெலாரூஸியா, உக்ரைன் மொழியா?" அவர் சிரித்தார். "பாட்டிகிட்ட கேட்டா 'பா நாஷமு'ன்னு சொல்லுவாங்க." நம்ம பாணியில், நம்ம பேச்சு. அவ்வளவுதான் அதன் பெயர்.

அது வெறும் ஒரு பாட்டியின் பதில் இல்லை. 1793இல் பின்ஸ்க் பகுதி ரஷ்யப் பேரரசுக்குப் போனது. 1921இல் போலந்துக்கு வந்தது. 1931இல் போலந்து அரசு மக்கள்தொகை கணக்கெடுத்தபோது தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். பொலேசியா மாகாணத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தாய்மொழியாகப் பதிவானது 'துத்தெய்ஷி' என்ற சொல். இங்கத்தியது என்று பொருள். போலிஷும் அல்ல, ரஷ்யனும் அல்ல, பெலாரூஸியும் அல்ல, உக்ரைனும் அல்ல. இங்கத்திய மொழி. அந்தப் பதிலில் அரசின் கைவரிசையும் உண்டு. சிறுபான்மையினரின் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தால் அரசுக்கு வசதி. அப்படிச் சொல்லும் ஆய்வாளர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தச் சொல்லை அரசு ஆகாயத்திலிருந்து எடுக்கவில்லை, சதுப்பு நிலத்துக் கிழவிகளின் வாயிலிருந்து எடுத்தது. 1939இல் அதே ஊர் சோவியத்துக்குப் போனது, 1991இல் பெலாரூஸானது. மாவட்டத் தலைநகர் பெலாரூஸியில் இவானவா, போலிஷில் யானூஃப். இவானும் யானும் ஒரே யோவான்தான்.

அதன்பிறகு 'யாருடைய பெயர்' என்ற கேள்வி என்னிடமிருந்து உதிர்ந்துபோயிற்று. என் போலந்து நண்பர்கள் அது எங்கள் குலப்பெயர் என்கிறார்கள், உண்மை. என் சக ஊழியர் எங்கள் ஊர் என்கிறார், உண்மை. 2022க்குப் பிறகு உக்ரைனில் அந்தப் பெயர் தாங்கிய தெருக்களுக்கு வேறு பெயர் வைத்தார்கள். குண்டு விழும் ஊரில் உட்கார்ந்து அந்தத் தெருவின் பெயரைப் பார்க்கிறவரிடம் இலக்கியம் பேச எனக்கு வாய் வராது. ஆனால் 'ஸ்கி' என்ற அந்த ஓரசை நாடு எதையும் சொல்லவில்லை, ரத்தத்தையும் சொல்லவில்லை. ஊரை மட்டும்தான் சொல்கிறது. தன் ரத்தத்தைச் சொட்டுக் கணக்கில் சோதிக்கத் தயாராக இருந்த மனிதர், அந்த ஊரை ஒவ்வொரு கையெழுத்திலும் தன் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார். கல்லூரி நாட்களில் நான் எந்த எழுத்துக்காகச் சண்டை போட்டேனோ அதைவிட இது பெரிதாகப் படுகிறது. 'தா' என்று எழுதினாலும் 'த' என்று எழுதினாலும் இனி எனக்கு வருத்தமில்லை. 'டா'வோடு மட்டும் இன்னும் சமாதானமாக முடியவில்லை.

போன வாரம் என் சக ஊழியர் ஊருக்குப் போய்த் திரும்பினார். இந்த எல்லையை இப்போது கடப்பது அவருக்கு எளிதல்ல. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதால் போனார். வரும்போது எனக்காக ஒரு படம் எடுத்து வந்திருந்தார். கல்லறையோ நினைவுச்சின்னமோ அல்ல, ஊர்ப் பள்ளிக்கூடம். தாழ்ந்த கட்டடம், வாசலில் ஒரு சைக்கிள். இதை ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். ஊர்ப் பெயரோடு 'ஸ்கி' சேர்ப்பது அங்கே அன்றாட இலக்கணம். பள்ளிக்கூடம் பெண்பால், அதனால் தஸ்தயேவ்ஸ்கயா பள்ளி. எழுத்தாளர் பெயரை வைத்ததால் அல்ல, ஊர்ப் பள்ளி என்பதால். அந்த ஊருக்குப் போகும் சாலையும் அப்படித்தான், சுற்றியிருக்கும் காடும் அப்படித்தான். "பாட்டி வீட்டுக்குப் பால் கொண்டு வர்றவங்களையும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றார். "தஸ்தயேவ்ஸ்கயா வந்துட்டாங்க, பாத்திரம் எடு."